அங்கே சைரன்... இங்கே நித்திரை இல்லை!

போருக்குள் பிறந்து வளர்ந்த ஊர் பருத்தித்துறை. பிழைக்க வழி தேடி அதன் பிள்ளைகள் போன நாடுகளிலும் இப்போது குண்டு விழுகிறது. சொந்தச் சண்டையில் தப்பியவர்கள் அந்நியர் சண்டைக்குள் எப்படி வாழ்கிறார்கள்?

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. இரவு பத்து மணி இருக்கும். பருத்தித்துறை தும்பளையில் ஒரு வீட்டில் சாப்பாட்டுக் கோப்பைகள் இன்னும் கழுவப்படவில்லை. கைத்தொலைபேசி அடிக்கிறது. கட்டார் இலக்கம். தோஹாவில் குளிரூட்டி திருத்தும் வேலை செய்யும் மகன் வழக்கமாக இந்த நேரத்தில் எடுப்பதில்லை. அங்கே இரவு ஏழரைதான்; அவன் வேலை முடிந்து வந்து சமைக்கும் நேரம்.

“அம்மா, இஞ்ச ஒருக்கால் பாருங்கோ” என்றபடி கமராவை வானத்துக்குத் திருப்புகிறான். இருட்டில் செம்மஞ்சள் பொட்டுகள் மேலேறுகின்றன. ஒன்று வெடித்துச் சிதறுகிறது. சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது. தங்குமிடத்தின் மொட்டைமாடியில் நேபாளி, வங்காளி, மலையாளி என்று ஒரு கூட்டமே தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருக்கிறது.

தாய் வானத்தைப் பார்க்கவில்லை. மகன் நிற்கும் இடத்தைத்தான் பார்த்தார்.

“மேல நிண்டு என்னடா விடுப்புப் பாக்கிறாய்? கீழ இறங்கு! யன்னல் இல்லாத அறை இருக்கோ? இல்லாட்டி படிக்கட்டுக்குக் கீழ போய்க் குந்து. கண்ணாடிக்குக் கிட்ட நிக்காத. கிட்டச் சத்தம் கேட்டால் குப்புறப் படு. வாயைத் திறந்து வை.”

“ஒண்டுமில்லை அம்மா, பயப்பிடாதேங்கோ. அமெரிக்கன்ரை காம்புக்குத்தான் அடிக்கிறாங்கள்.”

“காம்புக்கு அடிக்கிறது காம்பிலதான் விழும் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

ஈரானின் ஏவுகணைகள் அன்றிரவு குறிவைத்தது தோஹாவுக்குத் தென்மேற்கே உள்ள அல் உதெய்த் விமானத் தளத்தை. ஒருவரும் இறக்கவில்லை. மறுநாள் இஸ்ரேல் – ஈரான் போர்நிறுத்தமும் வந்துவிட்டது. உலகச் செய்தியில் அது ஒரு நாள் விஷயம். தும்பளை வீட்டில் விடியும் வரை ஒருவரும் கண் மூடவில்லை. “கட்டார் வான்பரப்பை மூடியாச்சு எண்டு செய்தியில போனதும் எனக்குக் கை கால் ஓடேல்லை. பிள்ளை இனி எப்பிடி வருவான்?” என்று அந்தத் தாய் சொன்னபோது, அவர் பேசியது 2025ஐப் பற்றி மட்டும்தானா என்று நமக்குத் தோன்றியது. பாதை மூடப்படுவது என்றால் என்னவென்று பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக்கு நன்றாகத் தெரியும்.

பங்கர் வெட்டத் தெரிந்த ஊர்

1987 மே 26 அன்று இலங்கை இராணுவத்தின் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ நடவடிக்கை வடமராட்சியில்தான் தொடங்கியது. கோயில்களிலும் பாடசாலைகளிலும் போய் இருங்கள் என்று வானத்திலிருந்து துண்டுப்பிரசுரம் விழுந்தது. போய் இருந்தார்கள். அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஷெல்லும் விழுந்தது. தும்பளைத் தாய் மகனை அதட்டியதன் பின்னால் இருப்பது அந்த அனுபவம்.

அதற்குப் பின் வந்த இருபது வருடங்களில் இங்குள்ள பிள்ளைகள் அரிச்சுவடியோடு சேர்த்து இன்னொன்றையும் படித்தார்கள். ஷெல் குத்துகிற சத்தம் எது, விழுகிற சத்தம் எது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை எண்ணலாம். சியாமாசெட்டி விமானம் பதிந்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, ‘சகடை’ விமானம் சுற்றினால் எங்கே படுப்பது. பனங்குத்தி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, வாசலை ‘எல்’ வடிவில் வளைத்து வெட்டிய பங்கர்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. வாசலை வளைப்பது சிதறல் நேரே உள்ளே வராமல் இருக்க. இதெல்லாம் யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தந்ததில்லை.

இந்த அறிவோடுதான் இந்த ஊர்ப் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். ஆனால் போன இடத்தில் அது பாதிக்குத்தான் உதவுகிறது. குப்புறப் படுக்கத் தெரியும். படுக்க இடம் தர வேண்டியவர் முதலாளி. ஓட வேண்டிய நேரம் தெரியும். கடவுச்சீட்டு இன்னொருவரின் அலுமாரியில். சொந்த ஊர்ப் போரில் ஒதுங்க ஒரு சித்தி வீடு இருந்தது, முருகன் கோயில் மண்டபம் இருந்தது. வேற்று நாட்டில் போர் வரும்போது குடியேறி வாழ்கிறவர் விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அவரை யாரும் எதிரியாக நினைப்பதில்லை என்பது உண்மைதான். யாரும் கணக்கிலும் எடுப்பதில்லை.

ஒரே வருடத்தில் இரண்டு போர்

வடக்கிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்களின் கதையில் ஒரு கொடுமையான பொருத்தம் இருக்கிறது. அங்கே போர் வெடித்த இரண்டு முக்கியமான சமயங்களிலும் இங்கேயும் போர் வெடித்தது.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் ஹுசைனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் இருந்தார்கள். பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள், சாரதிகள், கட்டட வேலையாட்கள். கையிலிருந்த குவைத் தினார் பெறுமதி இழந்தது. பஸ்ஸிலும் லொறியிலும் ஈராக் வழியாகப் பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லை முகாம்களுக்கு வந்து, தண்ணீருக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று, விமானத்துக்குக் காத்திருந்தார்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கிய யாழ்ப்பாணத்தவருக்கு அதோடு பயணம் முடியவில்லை. ஜூன் மாதமே இங்கே இரண்டாம் ஈழப்போர் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள் இருந்தது. மின்சாரம் நின்றுபோனது, மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடு. குவைத்தில் சாரதியாக இருந்து அந்த வருடம் ஊர் திரும்பிய வியாபாரிமூலை முதியவர் ஒருவரிடம் பேசினோம். “அங்க தாங்கியைப் பாத்து ஓடி வந்தன். இஞ்ச வந்து இறங்கினா மேல பொம்மர் சுத்துது. மனிசி சொன்னா, நீங்கள் அங்கயே நிண்டிருக்கலாம் எண்டு” என்றார். சிரிக்கவில்லை.

வீட்டிலிருந்தவர்கள் பட்ட பாடு வேறு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. பிபிசி தமிழோசையில் குவைத் பெயர் வரும்போது சுற்றுகிறவர் களைத்துக் கையை விட்டால் செய்தி அறுந்துவிடும்.

அந்தப் போருக்கு ஒரு பின்கதை உண்டு. அதை இன்றைய பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. 1991இல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, குவைத்தை விட்டு ஓடிய சாதாரணத் தொழிலாளிக்கும் நட்டஈடு கொடுத்தார்கள். தனி நபருக்கு அடிப்படைத் தொகை 2,500 டொலர் முதல் 4,000 டொலர் வரை. இலங்கை, இந்திய, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் பெருந்தொகையாக அதைப் பெற்றார்கள். கடைசிக் கொடுப்பனவு முடிய 2022 ஆகிவிட்டது. மொத்தம் 5,240 கோடி டொலர், ஏறத்தாழ 15 லட்சம் உரிமைகோரல்கள். வேற்று நாட்டுப் போரில் அகப்பட்ட கூலித் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவர்தான் என்று உலகம் ஒருமுறை காசு கொடுத்து ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு லெபனானிலோ உக்ரைனிலோ அப்படி எதுவும் நடக்கவில்லை.

2006இல் பொருத்தம் இன்னும் நெருக்கமானது. ஜூலை 12 அன்று இஸ்ரேல் – ஹிஸ்புல்லா போர் தொடங்கியபோது லெபனானில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் இருந்தார்கள், மிகப் பெரும்பாலும் பணிப்பெண்கள். வீட்டுக்காரர்கள் மலைப்பக்கம் ஓடியபோது பணிப்பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போன சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்த அதே நாட்களில் இங்கே மாவிலாற்றில் தொடங்கிய சண்டை ஆகஸ்ட் 11 அன்று முகமாலைக்கு வந்தது. ஏ9 வீதி மூடப்பட்டது. குடாநாடு தீவாகிவிட்டது. அரிசி, மா, சீனி எல்லாம் கப்பலில் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்து இறங்க வேண்டியதாயிற்று. வெளியே போக வேண்டுமானால் படையினரிடம் ‘கிளியரன்ஸ்’ எடுத்துக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பெய்ரூட்டில் இருந்து உயிர் தப்பி வருகிறவர் கொழும்பு லொட்ஜில்தான் நிற்க வேண்டும் என்ற நிலை.

▪ பெட்டிச் செய்தி: இரட்டைத் தேதிகள்

1942 பெப்ரவரி 15: சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5: கொழும்பில் ஜப்பானியக் குண்டுவீச்சு. ஏப்ரல் 9: திருகோணமலையில்.

1990 ஜூன்: இரண்டாம் ஈழப்போர் ஆரம்பம். ஆகஸ்ட் 2: குவைத் படையெடுப்பு.

2006 ஜூலை 12: லெபனான் போர் ஆரம்பம். ஆகஸ்ட் 11: ஏ9 மூடல். ஆகஸ்ட் 14: லெபனானில் போர்நிறுத்தம், அதே நாள் காலை முல்லைத்தீவு செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சு.

மலாயாப் பென்சன்காரர் கண்ட சண்டை

இது மத்திய கிழக்கோடு தொடங்கியதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்கு ரயில்வே, தபால், நில அளவை வேலைகளுக்குப் போனார்கள். 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரி இருக்கும் பருத்தித்துறையும் அதற்கு விலக்கில்லை. மலாயாக் காசில் கட்டிய நாற்சார் வீடுகளும், ஓய்வூதியத்தோடு திரும்பிய ‘மலாயாப் பென்சன்காரர்’களும் இந்தக் குடாநாட்டின் அடையாளங்கள்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். மூன்றரை வருடம் கடிதமும் இல்லை, மணியோடரும் இல்லை. அங்கே அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. சம்பளம் வாழைமரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டில். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறும் கடதாசி. இன்றைக்கு வட்ஸ்அப் அழைப்பு பத்து நிமிடம் வராவிட்டால் துடிக்கிறோம். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலே மூன்றரை வருடம் விளக்கேற்றிய தாய்மார் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள்.

சைரன் ஒலித்தால் ஓடலாமா?

இன்றைக்கு வருவோம். போர் நடக்கும் நாட்டில் குடியேறி வாழ்பவரின் அன்றாடம் எப்படி இருக்கும்?

இஸ்ரேலில் ரொக்கெட் எச்சரிக்கை ஒலித்தால் டெல் அவிவ் பக்கம் ஒளிய ஒன்றரை நிமிடம் கிடைக்கும். காஸா எல்லையோரக் கிராமங்களில் 15 வினாடி. அங்கே இலங்கையர் செய்யும் முக்கியமான வேலை முதியோர் பராமரிப்பு. படுக்கையில் கிடக்கும் எண்பது, தொண்ணூறு வயது மனிதரை 15 வினாடியில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விட்டுவிட்டு ஓட மனம் வராது. வந்தாலும் வேலை போய்விடும். 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் இறந்த வெளிநாட்டவரில் இலங்கைப் பராமரிப்பாளரும் உண்டு. தாய்லாந்துப் பண்ணைத் தொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். படிப்போடு சேர்த்துப் பண்ணைப் பயிற்சிக்கு வந்த நேபாள மாணவர் பத்துப் பேர் ஒரே கிராமத்தில் இறந்தார்கள். அதன் பிறகு பாலஸ்தீனத் தொழிலாளர்கள் நிறுத்தப்பட, வெளிநாட்டவர்கள் பலர் நாட்டை விட்டுப் போக, தோட்டங்கள் ஆளில்லாமல் கிடந்தன. அந்த இடத்தை நிரப்ப இலங்கையிலிருந்து பத்தாயிரம் பேரை எடுப்பதாக அந்த வருடமே ஒப்பந்தம் செய்தார்கள். ஒருவர் ஓடிய வயலுக்குள் இன்னொருவரை அனுப்புகிற இந்த வியாபாரத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம் என்பது மனதைச் சுடுகிறது.

லெபனானில் நிலைமை வேறு விதம். அங்கே வீட்டு வேலையாட்கள் தொழிற்சட்டத்துக்குள் வருவதில்லை. ‘கஃபாலா’ முறையில் வீசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலையாள் அந்த வீட்டை விட்டு வெளியேறினால் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். 2024 செப்டெம்பரில் போர் மூண்டபோது அந்த நாட்டில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் இருப்பதாகக் கணக்கிட்டது சர்வதேச குடிபெயர்வு அமைப்பு. அவர்களில் இலங்கையர் ஏழாயிரத்துக்கும் மேல். பாடசாலைகளை அரசு தங்குமிடமாக்கியது. பல இடங்களில் இது லெபனானியருக்கு மட்டும் என்று வெளிநாட்டுப் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெய்ரூட் கடற்கரையோரம் பாயை விரித்துப் படுத்தவர்களில் ஆபிரிக்கப் பெண்களும் ஆசியப் பெண்களும் அருகருகே இருந்தார்கள். தேவாலயங்களும் தொண்டர்களும்தான் அவர்களுக்குக் கதவு திறந்தன.

கட்டாரில் சட்டம் முன்னேறியிருக்கிறது. வெளியேற அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற முறையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். நல்ல மாற்றம்தான். ஆனால் ஏவுகணை வரும் இரவில் அந்தச் சட்டம் வேலை செய்ய விமானம் பறக்க வேண்டும்.

பிரான்ஸ் என்று புறப்பட்டு...

போர் நடக்கும் நாட்டுக்குத் தெரிந்தே போகிறவர்கள் ஒரு வகை. வேறு எங்கோ போகப் புறப்பட்டுப் போருக்குள் விழுந்தவர்கள் இன்னொரு வகை. வடக்கு இளைஞர்களில் இந்த இரண்டாம் வகை கூடுகிறது.

2022 செப்டெம்பரில் உக்ரைன் படைகள் கார்கிவ் பகுதியை மீட்டபோது, வொவ்சான்ஸ்க் நகரில் ரஷ்யரின் பிடியில் இருந்த ஏழு இலங்கையர் வெளியே வந்தார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். குப்பியான்ஸ்க்கில் வசித்தவர்கள், போருக்குத் தப்பி 120 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள கார்கிவுக்கு நடந்தே போகப் புறப்பட்டு, முதல் சோதனைச் சாவடியிலேயே பிடிபட்டவர்கள். மாதக்கணக்கில் அடைத்து வைத்து அடித்திருக்கிறார்கள். கால் நகம் பிடுங்கப்பட்ட கதையும் வெளிவந்தது. உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கியே அவர்களைப் பற்றிப் பேசினார்.

ரஷ்யாவின் பக்கத்திலும் நம்மவர் இருக்கிறார்கள். நல்ல சம்பளம் என்று நம்பிய முன்னாள் இராணுவத்தினர் முதலில் போனார்கள். 2024இன் பிற்பகுதியில் வடக்குக் குடும்பங்கள் சில வேறொரு கதையோடு வெளியே வந்தன. ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி முகவர்கள் பிள்ளைகளை ரஷ்யாவில் இறக்கினார்கள். அங்கே விளங்காத மொழியில் கையெழுத்து வாங்கிச் சீருடை கொடுத்தார்கள் என்று அவர்கள் முறையிட்டார்கள். 2025 தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் 554 இலங்கையர், இறந்தவர்கள் 59.

இயக்கத்துக்குப் போய்விடக் கூடாது, ஆமி பிடித்துவிடக் கூடாது என்று முப்பது வருடம் பிள்ளைகளை ஒளித்து வளர்த்த மண் இது. நகையையும் காணியையும் ஈடு வைத்து வெளிநாடு அனுப்பியதே அதற்காகத்தான். அதே காசு கடைசியில் இன்னொரு நாட்டின் முன்னரங்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், அந்தப் பெற்றோருக்கு என்ன ஆறுதல் சொல்வது?

‘திரும்பி வா’ என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

இந்தக் கட்டுரைக்காகப் பருத்தித்துறை, புலோலி, கற்கோவளம், இன்பர்சிட்டி என்று பல வீடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டோம். இவ்வளவு பயமென்றால் பிள்ளையைத் திரும்பி வரச் சொல்லலாம்தானே?

பதிலுக்கு அலுமாரியைத் திறந்து அடகுச் சீட்டைக் காட்டியவர்கள் உண்டு. தாலிக்கொடி வங்கியில். காணி உறுதி வட்டிக்காரரிடம். ஏஜென்சிக்குக் கொடுத்தது லட்சக்கணக்கில். முதல் ஒன்றரை வருடச் சம்பளம் அதை அடைக்கவே சரி. அதற்குள் திரும்பினால் கடன் அப்படியே நிற்கும், சம்பளம் நின்றுவிடும். ஒரு தகப்பன் சொன்னார்: “வரச் சொல்லி ஒரு சொல்லுச் சொல்லலாம். வந்த பிறகு அவன் என்னத்தைச் செய்யிறது?”

இது அவருடைய வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2022 ஏப்ரலில் நாடு வங்குரோத்தானது. அந்த வருடம் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் அனுப்பும் டொலரில்தான் பெற்றோலும் மருந்தும் வருகின்றன. நாடே பிள்ளைகளைத் திரும்பி வா என்று சொல்லும் நிலையில் இல்லை.

▪ பெட்டிச் செய்தி: அவர்கள் அனுப்பும் காசு

வெளிநாட்டுத் தொழிலாளர் இலங்கைக்கு அனுப்பிய பணம், மத்திய வங்கிக் கணக்கின்படி:
2022: ஏறத்தாழ 379 கோடி டொலர்
2023: ஏறத்தாழ 597 கோடி டொலர்
2024: ஏறத்தாழ 657 கோடி டொலர்

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 24 மணிநேரத் தொலைபேசி இலக்கம்: 1989.

காசு வருகிறது, வீடு எழும்புகிறது. நிலை வைத்து, சுவர் எழும்பி, கூரைக்குக் காத்து நிற்கும் வீடுகளை இந்தப் பக்கம் எங்கும் காணலாம். அந்த வீடுகளின் கட்டுமானம் இப்போது மத்திய கிழக்குச் செய்தியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. போர் என்றால் மேசனை நிறுத்துகிறார்கள். சீட்டுக் கட்டுவதைத் தள்ளிப் போடுகிறார்கள். தங்கையின் கலியாணப் பேச்சு ஒரு மாதம் தள்ளிப் போகிறது.

உடம்பும் சேர்ந்து அடிவாங்குகிறது. நித்திரைக் குளிசை போடத் தொடங்கிய தாய்மார், பிரஷர் ஏறிய தகப்பன்மார் பற்றி வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். தங்கள் போரின்போது வராத நடுக்கம் இப்போது வருகிறது என்கிறார்கள். அன்றைக்கு அழுவதற்கே நேரம் இருக்கவில்லை; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இப்போது ஓட வேண்டிய வேலை இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க மட்டும்தான் முடிகிறது. பழைய பயமும் புதிய பயமும் ஒன்றாகக் கிளம்புகின்றன. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் போய்விடலாம். “வெளிநாட்டில சண்டை, எனக்கு இஞ்ச நெஞ்சு இடிக்குது எண்டு டொக்டரிட்டை எப்பிடிச் சொல்லுறது?” என்று ஒரு அம்மா வெட்கப்பட்டார். சொல்லத்தான் வேண்டும் அம்மா. அதுவும் நோய்தான்.

இதற்கு நடுவிலும் பார்சல் போகிறது. ஓடக்கரையில் உழுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் குழைத்து, மெல்லிசாகத் தட்டிப் பொரிக்கும் பருத்தித்துறை வடை வாரக்கணக்கில் பழுதாகாது. எண்ணெய் வடியவிட்டு, அடுக்கி, பொலித்தீனில் இறுக்கிக் கட்டுகிறார்கள். விடுமுறைக்கு வந்து திரும்புகிறவரின் பெட்டியில் நாலு வீட்டு வடை போகும். வான்பரப்பு மூடிய கிழமையில் ஆட்கள் போகவில்லை. கட்டி வைத்த வடையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததாக ஒரு சகோதரி சொன்னார்.

எங்கள் போரில் அகப்பட்ட பிறத்தியார்

இந்தக் கதையை நம் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது. நம்முடைய போரிலும், வெளியிலிருந்து வந்து அகப்பட்டவர்கள் இருந்தார்கள்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து குடியேறின. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது. டொக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்கள் காடு வெட்டிய நிலத்திலேயே அடுத்தடுத்த போர்கள் நடந்தன. 2009 வன்னிப் பேரழிவிலும் அவர்கள் இருந்தார்கள். இன்றும் காணி உறுதி இல்லாமல் இருப்பவர்கள் அவர்களில் பலர்.

யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமிகளையும் நினைக்க வேண்டும். இடப்பெயர்வின்போது அந்தப் பிள்ளை யாரோடு ஓடியது, தாய்க்குக் கடிதம் போட யார் உதவினார்கள் என்று நாம் அறிய எந்த நூலிலும் விரிவாக எழுதப்படவில்லை. பெய்ரூட்டில் பூட்டப்பட்ட வீட்டுக்குள் நின்ற பெண்ணுக்காக நாம் கொதிக்கிறோம். நியாயமான கொதிப்பு. அதே கொதிப்போடு நம் பழைய வீடுகளின் பின் அறைகளையும் பார்க்க வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது.

ஆறுதலான பக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் வடமராட்சி கிழக்கு வெற்றிலைக்கேணிக் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு தத்தளித்த படகைக் கடற்படை கரைசேர்த்தது. இரண்டு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், இன்னொரு படகு முள்ளிவாய்க்காலில் ஒதுங்கியது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதில் இருந்தார்கள். முதலில் தண்ணீரும் சாப்பாடும் கொண்டு ஓடியவர்கள் அந்தக் கரைவாசிகள், 2009இல் அதே மணலில் எல்லாவற்றையும் இழந்தவர்கள். அகதிகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று முல்லைத்தீவில் வீதிக்கு இறங்கியும் நின்றார்கள்.

அழைத்தால் எடுப்பவர் யார்?

சரி, இனி என்ன செய்யலாம்?

குடும்பங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பணியகத்தில் பதியாமல், விசிட் வீசாவில் பிள்ளையை அனுப்பாதீர்கள். பதிவில்லாதவருக்குக் காப்புறுதியும் கிடைக்காது, தூதரகத்தின் பட்டியலில் பெயரும் இருக்காது. கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியும் வீட்டில் ஒன்று, தொலைபேசியில் ஒன்று. முதலாளியின் பெயரும் தங்குமிட முகவரியும் எழுதி வையுங்கள்; ‘தோஹாவில எங்கயோ’ என்பது முகவரி இல்லை. குவைத் நட்டஈட்டுக்கும் அங்கே இருந்ததற்கான ஆதாரம்தான் கேட்டார்கள்.

மிச்சம் அரசு செய்ய வேண்டியது. ஒவ்வொரு தொழிலாளியும் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்து, போர்க்கால மீட்புக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும். போர் மூண்ட நாட்டிலிருந்து திரும்புகிறவரின் வெளிநாட்டு வேலைக் கடனுக்கு வங்கிகள் தவணை தள்ளிக் கொடுக்க வேண்டும். அப்படியொரு ஏற்பாடு இருந்தால் அந்தத் தகப்பன் மகனிடம் ‘வா’ என்று சொல்லியிருப்பார். புறப்படும் முன் கொடுக்கும் பயிற்சியில் சலவை இயந்திரத்தை இயக்கச் சொல்லிக் கொடுப்பது போல, சைரன் ஒலித்தால் எங்கே ஒதுங்குவது, வீட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போனால் யாரை அழைப்பது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் தேவையென்றால் வடமராட்சியில் ஆயிரம் அம்மாமார் இருக்கிறார்கள்.

பல வீடுகளில் கேட்ட ஒரு முறைப்பாடு இன்னும் மிச்சமிருக்கிறது. அவசரத்துக்கு ஒரு தூதரகத்துக்கு எடுத்தால், மறுமுனையில் இருப்பவருக்குத் தமிழ் விளங்கவில்லை. கொழும்பில் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை வீட்டில் இல்லாத இரவில் என்ன செய்வது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது 1987இல், ஒப்பரேஷன் லிபரேஷன் நடந்த அதே வருடத்தில். பெய்ரூட், டெல் அவிவ், தோஹா, குவைத் எங்கு இலங்கைத் தொழிலாளர் பிரிவு இருந்தாலும், அழைப்பை எடுத்துத் தமிழில் பேசும் ஓர் அலுவலர் இரவிலும் அங்கே கடமையில் இருக்க வேண்டும்.